நகல் எடுத்த அறை

9

மூன்றாவது வீட்டின் வாசற்படியிலும் சாவி கிடந்தது.

காலை ஏழு மணிக்குப் பால் எடுக்கக் கதவைத் திறந்தவள் அதைப் பார்த்துவிட்டு, பாலை எடுக்காமலேயே கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டிருக்கிறாள். ஐந்து வாரத்துக்கு முன்னால், தலையில் பதினோரு தையலோடும் ஆறு வயது மகளோடும் அவள் விட்டுவந்த வீட்டின் சாவி அது. வீடு மாற்றும்போதெல்லாம் இரண்டே நாளில் அதே போல ஒரு சாவி வாசலுக்கு வந்துவிடுகிறது. கடிதம் கிடையாது, மிரட்டல் கிடையாது. ஒரு பித்தளைச் சாவியிலேயே அவள் புருஷன் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறான். இந்தத் தடவை சாவியோடு குழந்தையின் பழைய செருப்பு ஒன்றும் இருந்தது. இனி அவன் குறி குழந்தை என்பது அதற்கு அர்த்தம்.

அதைக் கேட்டதும் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. துப்பறியும் மேடத்திடம் உதவியாளனாகச் சேர்ந்து நாலு வருடமாகிறது, இன்னும் அது விட்டபாடில்லை. பயம் வந்தால் சிலருக்குக் கால் ஓடும், எனக்கு வாய் ஓடும். "மேடம், வீட்டுச் சாவியை இப்படி ஊரெல்லாம் கொடுத்தா அந்தாள் வீட்டுல திருட வர்றவனுக்கு வேலையே இருக்காதே" என்றேன். மேடம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கையிலிருந்த காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விஷயம் இதுதான். அடிபட்டு ஓடிவரும் பெண்களை ஒளித்துவைக்கும் ஓர் இல்லம். ஒரே கட்டடத்தில் வைத்தால் ஆபத்து என்று ஆளுக்கொரு வீட்டில் தங்க வைப்பார்கள். யார் எங்கே இருக்கிறார்கள் என்பது வார்டனம்மா, நர்ஸ், வக்கீல் மூவருக்குத்தான் தெரியும். பெற்றவர்களுக்கும் உடன்பிறந்தவர்களுக்கும்கூடச் சொல்லக்கூடாது. முகவரிகளை இல்லத்தின் வெப்சைட்டில், பாஸ்வேர்டுக்குப் பின்னால் எழுதி வைப்பார் வார்டனம்மா. அந்த மூவரையும் நாங்கள் இரண்டு வாரம் நிழலாகத் தொடர்ந்தோம். நர்ஸ் யாருக்கும் தெரியாமல் ஐஸ்கிரீம் தின்பது தெரியவந்ததே தவிர வேறொன்றும் இல்லை.

மேடத்தின் கையிலிருந்த காகிதமும் வார்டனம்மா கொடுத்ததுதான். திரையில் சிவப்பாக எது வந்தாலும் உடனே அச்செடுத்துக் கோப்பில் குத்திவைப்பது அவர் பழக்கம். போன செவ்வாய்க்கிழமை அரை நிமிடம் வெப்சைட் படுத்தபோது வந்த பக்கம் அது. நாற்பது வரி புரியாத சங்கதி. நடுவில் ஒரு வரியை மேடம் பென்சிலால் அடிக்கோடிட்டிருந்தார். போட்டோவைச் சுருக்கும் புரோகிராமைத் திறக்க முடியவில்லை என்றது அந்த வரி.

உங்கள் வெப்சைட்டில் போட்டோ ஏதாவது உண்டா என்று மேடம் கேட்டதற்கு வார்டனம்மாவுக்குக் கோபமே வந்துவிட்டது. முகம் தெரியக்கூடாது என்பதுதானே எங்கள் பிழைப்பு, ஒரு ரோஜாப்பூ படம்கூட வைக்கவில்லை என்றார்.

"அப்போ மீன் சாப்பிடாத வீட்டுக் குப்பையில மீன் முள்ளு கிடக்கு" என்றார் மேடம். "யாரோ உள்ள வந்து சாப்பிட்டுட்டுப் போயிருக்காங்க."

அந்த ஒரு முள்ளைப் பிடித்துக்கொண்டுதான் பகல் பன்னிரண்டு மணிக்கு அந்த வெப்சைட்டை வைத்திருக்கும் சர்வர் கம்பெனிக்குக் கிளம்பினோம். குழந்தையை வார்டனம்மா தன்னோடு வைத்துக்கொண்டார். சாயங்காலம் தாயையும் மகளையும் நாலாவது வீட்டுக்கு மாற்றுவதாக ஏற்பாடு. அதுவரை தனியாக ஓர் அறையில் உட்கார முடியாது, உங்களோடு வருகிறேன் என்றாள் அவள். நான் அவளைத் தங்கச்சி என்றே கூப்பிட்டேன். காரில் வரும்போது பின்கண்ணாடியையே பார்த்துக்கொண்டு வந்தாள். பேச்சுக் கொடுக்கலாமென்று, யாரும் சொந்தக்காரர்கள் இல்லையா என்று கேட்டேன். ஒரு தம்பி, அவ்வளவுதான். பெற்றோர் போனபோது அவனுக்குப் பத்து வயது, தையல் மிஷின் ஓட்டி வளர்த்திருக்கிறாள். அவனுக்கும் முகவரி சொல்லவில்லை. தினமும் வார்டனம்மாவின் போனில் அவனைக் கூப்பிட்டு அழுவதோடு சரி.

கம்பெனி ஒரு மெத்தைக் கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் இருந்தது. கார்டு காட்டினால் திறக்கும் தடித்த கண்ணாடிக் கதவு. உள்ளே குளிர், இரைச்சல், பச்சை விளக்குகள். வெயில் கொளுத்தும் பகலில் ஜெர்கின் போட்டுக்கொண்டு ஒரே ஒரு டெக்னீஷியன் உட்கார்ந்திருந்தான். இரண்டு பேர் இருந்த வேலை, போன மாதத்திலிருந்து ஒருவன்தான் பார்க்கிறேன் என்று வந்ததும் வராததுமாகப் புலம்பினான்.

அவன் விளக்கியது இவ்வளவுதான். ஒரே கம்ப்யூட்டர், அதில் இருநூறு வெப்சைட் குடியிருக்கிறது. ஒன்றின் புரோகிராம் இன்னொன்றோடு கலந்தால் இரண்டும் கெட்டுப்போகும். அதனால் ஒவ்வொன்றுக்கும் தனி அறை. அவர்கள் பாஷையில் என்விரான்மென்ட். அந்தந்த வெப்சைட்டுக்கு என்னென்ன புரோகிராம் வேண்டுமோ அது அந்த அறைக்குள் மட்டும் இருக்கும். ஓர் அறையில் மிளகாய் அரைத்தால் அடுத்த அறையில் தும்மல் வராது. அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் அப்படியொரு பெருமை.

இல்லத்தின் வெப்சைட்டில் இவள் பெயர் ஏறிய பிறகு புதிதாகக் குடிவந்தது யார் என்று மேடம் கேட்டார். ஒரே ஒரு ஆள். ஒரு போட்டோ ஸ்டூடியோ, வந்து நாலு வாரமாகிறது. திறந்து காட்டினான். நாலு கடல் படம், நாலும் ஒரே கடல். போன் நம்பர் இல்லை, எங்கே இருக்கிறது என்ற விவரமும் இல்லை.

"வாடிக்கையாளர் வந்துடக் கூடாதுன்னு கவனமா நடத்துற கடை மேடம்" என்றேன்.

மேடம் அந்தக் கடலைப் பார்க்கவில்லை, டெக்னீஷியனைப் பார்த்தார். புது அறை ஒன்று போட எவ்வளவு நேரமாகும் என்று கேட்டார். ஒவ்வொரு புரோகிராமாக இறக்கிச் சரிபார்க்க வேண்டும், அரை மணியாவது ஆகும் என்றான்.

"ஸ்டூடியோ ரூம் தொடங்கினது பதினொன்னு நாலு, முடிஞ்சது பதினொன்னு ஆறுன்னு உங்க ஸ்க்ரீன்லயே இருக்கு. அரை மணி வேலையை ரெண்டு நிமிஷத்துல எப்படி முடிச்சீங்க?"

அவன் ஜெர்கின் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டான். தனி ஆளாக எத்தனைதான் செய்வது, ஏற்கெனவே இருக்கும் ஓர் அறையை அப்படியே நகல் எடுத்து ஒட்டிவிட்டேன் என்றான். எந்த அறையை என்று மேடம் கேட்டார். இருப்பதிலேயே சின்ன அறை எதுவோ அதைத்தான் எடுப்பேன், சீக்கிரம் முடியும் என்று இழுத்தான். இருப்பதிலேயே சின்ன அறை, போட்டோகூட இல்லாத இல்லத்தின் அறைதான்.

மேடம் அவனை ஒரு சோதனை செய்யச் சொன்னார். ஸ்டூடியோ அறையில் உப்புச் சப்பில்லாத ஏதாவது ஒரு சின்னப் புரோகிராமை இறக்கு. இறக்கினான். இப்போது அந்த அறையில் தேடு. தேடினான், அங்கே இல்லை. மறுபடி தேடினான், இல்லவே இல்லை. இப்போது இல்லத்தின் அறையைத் திற என்றார். திறந்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். இப்போதுதான் இறக்கிய புரோகிராம் அங்கே சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. அதற்குப் பக்கத்தில் போட்டோ சுருக்கும் புரோகிராம். அதற்கும் பக்கத்தில், யாரும் கேள்விப்படாத பெயரில் இன்னொன்று.

"ரூமை நகல் எடுத்தீங்க. ஆனா அதோட கதவுல எழுதியிருந்த பழைய விலாசத்தை மாத்தலை" என்றார் மேடம். "அதனால ஸ்டூடியோக்காரன் தன் வீடுன்னு நினைச்சு எதை உள்ள வெச்சாலும் அது இல்லத்துக்குள்ள போய் விழுது."

டெக்னீஷியன் தலையாட்டினான். பாதை உள்ளேயே எழுதியிருக்கும், நகல் எடுத்தால் அதுவும் சேர்ந்து வரும், படிக்கும்போதே சொல்லிக் கொடுத்தார்கள் என்று முனகினான். எல்லா அறைக்கும் ஒரே சாவியைப் போட்டு வைத்திருப்பதையும் தானாகவே ஒப்புக்கொண்டான். இருநூறு பேர் குடியிருக்கும் கட்டடத்தின் காவல்காரன் இவன். அடிக்கக் கை வந்தது, விட்டுவிட்டேன்.

பெயர் தெரியாத அந்தப் புரோகிராம் என்ன செய்கிறது என்று பார்க்கச் சொன்னார் மேடம். அவன் அதைத் திறந்து படிக்கப் படிக்க அவன் உதடு காய்ந்தது. வார்டனம்மா ஒரு முகவரியை எழுதிச் சேமித்த அடுத்த நொடி அதன் பிரதி ஒன்று வெளியே போகிறது. பாஸ்வேர்டை எத்தனை தடவை மாற்றினாலும் ஒன்றுதான். திருடன் பூட்டை உடைத்து வரவில்லை, சுவருக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறான்.

அந்த நேரம் பார்த்து வார்டனம்மா போன் செய்தார். குரலில் ஒரே திருப்தி. இனிமேல் மனுஷங்களை நம்புவதாக இல்லை, நர்ஸையும் வக்கீலையும் நீக்கிவிட்டேன், பாஸ்வேர்டு எனக்கு மட்டும்தான் என்றார். சாயங்காலம் வரைக்கும் எதற்கு என்று குழந்தையை இப்போதே நாலாவது வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டாராம். முகவரியையும் பத்திரமாக வெப்சைட்டில் ஏற்றிவிட்டாராம்.

டெக்னீஷியன் திரையில் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினான். ஒன்று பத்துக்கு ஒரு பிரதி வெளியே போயிருந்தது. சுவர்க் கடிகாரத்தில் மணி ஒன்று முப்பத்தெட்டு.

என் வாய் ஓடவில்லை.

குழந்தையோடு உடனே கிளம்புங்கள் என்றார் மேடம். கிளம்ப முடியாது என்று தெரிந்தது. வந்த வாடகைக் காரை அனுப்பிவிட்டார். ஊருக்கு வெளியே புதிதாகப் போட்ட மனைகள், சுற்றிலும் பாதி கட்டிய வீடுகள், மெயின் ரோட்டுக்கு வர ஒரே பாதை. நடந்து வந்தால் அவன் எதிரிலேயே வந்து மாட்டுவார்கள். கதவைப் பூட்டிவிட்டுச் சத்தம் காட்டாமல் இருங்கள் என்று சொல்லிவிட்டு மேடம் போலீசைக் கூப்பிட்டார். அந்த இடத்துக்கு வர முப்பது நிமிடமாகும் என்றார்கள்.

தங்கச்சி சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். அழவில்லை. ஸ்டூடியோ பெயரில் இடம் எடுத்தவன் யார் என்று மட்டும் கேட்டாள். டெக்னீஷியன் விண்ணப்பத்தைத் திரையில் கொண்டுவந்தான். பெயர் ஏதோ ஒரு பொய்ப்பெயர். ஆனால் பணிகள் முடிந்ததும் தகவல் சொல்ல ஒரு போன் நம்பர் வேண்டுமே, அதை மட்டும் உண்மையாகக் கொடுத்திருந்தான். அவள் அந்த நம்பரைப் பார்த்தாள். வாய்க்குள்ளேயே ஒவ்வோர் இலக்கமாகச் சொல்லிப் பார்த்தாள்.

"இது என் தம்பி நம்பர்" என்றாள்.



"கம்ப்யூட்டர் படிக்க வெச்சது நான்தான்" என்றாள். அதை யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை.

புருஷனைத் தேடிக்கொண்டிருந்த எங்களுக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருந்தது. வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது. தினமும் சாயங்காலம் அவள் அழுததைக் கேட்டவன், ஆறுதல் சொன்னவன், இல்லத்தின் வெப்சைட் குடியிருக்கும் இடத்திலேயே ஸ்டூடியோ பெயரில் நுழைந்து, தான் வைப்பது இல்லத்துக்குள் விழுவதைக் கண்டுகொண்டு, அவள் வாயிலிருந்து வராத முகவரியை அந்த வழியாக எடுத்துக் கொடுத்திருக்கிறான். எனக்குப் பயத்தோடு ஆத்திரமும் சேர்ந்துகொண்டது.

அவள் என் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தாள். கேட்கவில்லை, எடுத்தாள். ஸ்பீக்கரில் போட்டு அந்த நம்பரை அழுத்தினாள். இரண்டாவது மணியிலேயே எடுத்தான். பின்னால் வண்டி ஓடும் சத்தம்.

"அக்காடா. எங்க இருக்க?"

"அக்கா... வெளிய. ஒரு வேலையா போயிட்டிருக்கேன்."

"கூட யாரு?"

"யாரும் இல்லக்கா. தனியாத்தான்."

அவன் சொல்லி முடிக்கும் முன்னால் அவனுக்குப் பக்கத்தில் யாரோ செருமினார்கள். வறட்டுச் செருமல், ஒரே ஒரு தடவை. அந்தச் சத்தத்துக்கு அவள் உடம்பு முழுக்க ஒருமுறை குலுங்கியதை நான் பார்த்தேன். வீட்டுக்குள் அந்தச் செருமலுக்குப் பின்னால் என்ன வரும் என்பது அவளுக்குத்தான் தெரியும். ஆனால் குரல் குலுங்கவில்லை. அந்தத் தைரியம் எங்கிருந்து வந்ததோ, எனக்கு இன்றுவரை புரியவில்லை.

"எனக்கு முடியலடா. வார்டனம்மா கூட சண்டை போட்டுட்டு வந்துட்டேன். புது வீடெல்லாம் வேணாம்னுட்டேன். பாப்பாவும் நானும் ஒரு மெத்தைக் கடை வாசல்ல நிக்கிறோம். வந்து எங்களைக் கூட்டிட்டுப் போடா."

மேடம் அவளைத் தடுக்கக் கை நீட்டியவர் அப்படியே நிறுத்திக்கொண்டார். மறுமுனையில் போனைக் கையால் மூடிப் பேசும் சத்தம். பிறகு தம்பி, பாப்பா நிஜமாகவே உன்னோடுதான் இருக்கிறாளா என்று கேட்டான். என் மடியில்தான் தூங்குகிறாள் என்றாள். தெருப்பெயரைச் சொன்னாள், கடையைச் சொன்னாள். வண்டி திரும்பும் சத்தம் கேட்ட பிறகுதான் போனை வைத்தாள்.

யாருக்குப் பயந்து ஐந்து வாரம் ஓடினாளோ அவனைத் தன் வாயாலேயே கூப்பிட்டிருக்கிறாள். நாங்கள் யாரும் சொல்லித் தரவில்லை.

மேடம் போலீசிடம் இந்த இடத்தைச் சொன்னார். பக்கத்து ஸ்டேஷன்தான், ஆனால் வண்டி வெளியே போயிருக்கிறது, பதினைந்து நிமிடம் என்றார்கள். கதவின் கார்டு வெளியே வேலை செய்யாதபடி டெக்னீஷியன் நிறுத்திவைத்தான். அந்தப் பதினைந்து நிமிடத்தில் நான் நாலு தடவை தண்ணீர் குடித்தேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்கு அந்த அறையின் பச்சை விளக்குகள்கூட முறைத்துப் பார்த்தன.

கடை வாசலில் அவளைக் காணாமல் படியேறி வந்தது இரண்டு பேரின் செருப்புச் சத்தம். போலீஸ் இல்லை.

முன்னால் வந்தவன் வெளிர்நீலச் சட்டையை இஸ்திரி போட்டு அணிந்திருந்தான். படிய வாரிய தலை, பையில் பேனா. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் இவனிடம்தான் பெட்டியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருப்பேன். கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தான். பிறகு அவளுக்குப் பின்னால், மேஜைக்கு அடியில், மூலையில் எல்லாம் கண்ணை ஓட்டினான்.

"பாப்பா எங்க?" என்றான் மெதுவாக.

அதே குரலில் மூன்று தடவை கேட்டான். பிறகு சுவரில் மாட்டியிருந்த தீயணைப்பு உருளையைக் கழற்றிக் கண்ணாடியில் ஓங்கி அடித்தான். கண்ணாடி விரிசல் விட்டது, உடையவில்லை. பேசத்தானே வந்தோம் மச்சான் என்று தம்பி அவன் கையைப் பிடித்தான். அவன் திரும்பிப் பார்க்காமலேயே முழங்கையால் இடித்தான். தம்பி மூக்கைப் பொத்திக்கொண்டு படியில் சரிந்து உட்கார்ந்தான். விரல்களுக்கு நடுவே ரத்தம். இரண்டாவது அடி, மூன்றாவது அடி. நான் மேஜைக்குக் கீழே இருந்தேன், அதை மறைப்பானேன். மேடம் ஒரு நாற்காலியைத் தூக்கிப் பிடித்து அவளுக்கு முன்னால் நின்றார்.

ஐந்தாவது அடிக்கு ஓங்கியபோது போலீஸ் படியேறி வந்தது. அவனைக் கீழே இழுத்துக்கொண்டு போனார்கள். போகும்போதும் அவன் சட்டை கசங்கவில்லை.

தம்பி எழுந்து கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்தான். விரிசல்களுக்கு நடுவில் முகம் துண்டு துண்டாகத் தெரிந்தது.

"அக்கா, கதவைத் திற. நான் மட்டும்தான் இருக்கேன். திருந்திட்டேன்னு என் காலைப் பிடிச்சு அழுதாருக்கா. சேர்ந்து வாழ்ந்தா நல்லா இருப்பீங்கன்னு நினைச்சேன். சாவி வெச்சது, செருப்பு வெச்சது எல்லாம் சத்தியமா எனக்குத் தெரியாது."

"நான்தான் தினமும் சொன்னேனேடா."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். நீ பயத்துல பெரிசா சொல்றன்னு நினைச்சேன் என்றான்.

டெக்னீஷியன் கதவைத் திறக்கக் கை வைத்தான். அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள்.

"மூக்கைத் துடைச்சுக்கோ" என்றாள் தம்பியிடம். அவ்வளவுதான். ஒரு போலீஸ்காரர் வந்து அவன் தோளைத் தொட்டு அழைத்துப் போகும்வரை கண்ணாடிக்கு இந்தப் பக்கமே நின்றாள். கதவு திறக்கவில்லை.

படியில் ஆள் அரவம் நின்ற பிறகுதான் அவள் கண்ணாடியை விட்டு நகர்ந்தாள். மேடம் நாற்காலியை இறக்கி அதிலேயே அவளை உட்கார வைத்தார். வார்டனம்மாவைக் கூப்பிட்டுக் குழந்தையிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். ஒரு மணி நேரமாக இருட்டறையில் சத்தம் போடாமல் உட்கார்ந்திருந்த குழந்தை.

"அம்மா, நான் சத்தமே போடல" என்றது. "இன்னைக்காவது மாமாவைப் பார்க்கப் போலாமா?"

அவள் போனை என் கையில் கொடுத்துவிட்டாள். குழந்தை மறுபடியும் கேட்டது.